சரக்கைப் பார்க்கும் கண் சுவரையும் பார்க்கட்டும்

துவரம் பருப்பு வாங்கப் போகும் நம் வணிகப் பெருமக்களை யாரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது. சாக்கின் நடுவில் ஊசி விட்டு மாதிரி எடுப்பார்கள். இரண்டு பருப்பை வாயில் போட்டுக் கடித்து, ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்கள். மிளகாய் வற்றலைக் கையில் அள்ளியவுடன், தண்ணீர் தெளித்த சரக்கா, வெயிலில் காய்ந்த சரக்கா என்று தெரிந்துவிடும். எடை, தேதி, பில் இம்மூன்றையும் பார்க்காமல் ஒரு பெட்டி தீப்பெட்டியைக்கூட இறக்கமாட்டார்கள்.

அதே பெருமக்கள் தம் வீட்டுக்கும் கடைக்கும் சிமென்ட் வாங்கும்போது, கம்பி வாங்கும்போது, ஒயர் வாங்கும்போது என்ன செய்கிறார்கள்? "மேஸ்திரி சொன்னதைப் போட்டு அனுப்புங்கள்" என்று போனில் சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அங்கே எடையும் இல்லை, தேதியும் இல்லை. பில்லும் பல நேரங்களில் இல்லை. வாழ்நாள் சேமிப்பில் பெரும் பகுதியை விழுங்கும் ஒரு பொருளை, ஒரு கிலோ பெருங்காயம் வாங்குவதைவிடக் குறைந்த கவனத்தோடு வாங்குகிறோம். இது சரியல்ல என்பது நமது கருத்து.

வீட்டைப் பற்றி வணிகர் ஏட்டில் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். நம் தொழிலில் வீடு வேறு, கடை வேறு என்று பிரித்துப் பேச முடியாது. கீழே கடை, பின்கட்டில் கிடங்கு, மாடியில் குடும்பம் என்றுதான் நம்மில் பெரும்பாலோர் வாழ்கிறோம். மாடியில் ஒழுகும் தண்ணீர் கீழே உளுந்து மூட்டையில்தான் இறங்குகிறது. கடையில் புகையும் ஒயர் மாடியில் தூங்கும் பிள்ளைகளைத்தான் முதலில் எட்டுகிறது. ஆகவே இது வியாபார விஷயமே.

காலமும் பார்த்தே இதை எழுதுகிறோம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்குகிறது. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான் பெய்கிறது. அதே மூன்று மாதங்களில்தான் தீபாவளிச் சரக்கும், அதையடுத்துப் பொங்கல் சரக்கும் நம் கிடங்கில் நிரம்பி நிற்கின்றன. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் வெள்ளம் புகுந்ததையும் மறந்திருக்கமாட்டோம். அத்தகைய மழைக்கு யாரும் முழுக் காப்புச் செய்துகொள்ள முடியாது. ஆனால் சாதாரண ஐப்பசி அடைமழைக்கே மூட்டையை இடம் மாற்றிக்கொண்டு திரிகிற நிலை நம் கவனக்குறைவால் வருவது. அதைத் தடுக்க ஆவணியும் புரட்டாசியும் போதும்.

முதலில் மொட்டைமாடி. ஒழுகல் என்றதும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கெமிக்கல் அடிக்கலாம்?" என்பதுதான். கெமிக்கலுக்கு முன் பார்க்க வேண்டியது வாட்டம். ஒரு நாள் மாலை பத்துக் குடம் தண்ணீரை மாடியில் ஊற்றிவிட்டு நின்று பாருங்கள். தண்ணீர் வடிகுழாயை நோக்கி ஓடவேண்டும். எங்காவது குளம்போல் தேங்கினால் நோய் அங்கேதான் இருக்கிறது. வாட்டம் இல்லாத தளத்தின்மேல் எத்தனை வாளி கெமிக்கல் அடித்தாலும், தேங்கிய நீர் என்றாவது ஒரு வழியைக் கண்டுபிடித்துவிடும்.

அடுத்து, தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை. ஒழுகல்களில் பல இங்கிருந்துதான் தொடங்குகின்றன. சுவர் ஒரு பக்கம், தளம் ஒரு பக்கம் என வெயிலில் நீண்டு சுருங்குவதால் அங்கே மயிரிழை போன்ற வெடிப்பு விழும். அந்த மூலையைக் கொத்திச் சுத்தம் செய்து, சரிவாகக் கலவை வைத்து உருட்டிப் பூசிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வடிகுழாயின் வாயில் கிடக்கும் சருகு, பிளாஸ்டிக் பை, பந்து இவற்றை எடுக்கக் கொத்தனார் தேவையில்லை. சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் மேலாகக் கிள்ளிப் போடுவதில் பயனில்லை. அடுத்த மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்க்கும். அந்த இடத்தைக் கொத்தி வேரோடு எடுத்துப் பூசவேண்டும்.

பழைய கட்டிடம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தேக்கு உத்திரத்தின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, கட்டையால் நாள் கணக்கில் தட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துக் கட்டிய மாடிகள் இன்னும் பல ஊர்களின் பழைய கடைவீதிகளில் நிற்கின்றன. அவற்றில் ஒழுகல் வந்தால், "மேலே ஓர் அங்குலம் சிமென்ட் கலவை போட்டுவிடலாம்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஓர் அங்குலக் கலவை என்பது சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. 600 சதுர அடி மாடிக்கு 3 டன். அதாவது 50 கிலோ அரிசி மூட்டைகள் அறுபதை நிரந்தரமாக அந்தக் கிழ உத்திரத்தின் தலையில் ஏற்றி வைப்பதற்குச் சமம். ஒரு முறை போட்டவர்கள், மீண்டும் ஒழுகியதும் இரண்டாம் முறையும் போடுகிறார்கள். பழைய தட்டோட்டைப் பெயர்த்து, ஜல்லியைச் சரிசெய்து, மறுபடி ஓடு பதிப்பது செலவுதான். ஆயினும் அதுவே முறை. பெயர்க்காமல் மேலே மேலே போடுவதை நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

பாரம் என்றதும் நம் தொழிலுக்கே உரிய ஒரு வழக்கத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. கீழே இடம் போதாமல், மாடி அறைகளில் மூட்டை அடுக்குவது பல கடைகளில் நடக்கிறது. குடியிருக்கும் வீட்டின் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரத்தைக் கணக்கிட்டே வடிவமைக்கப்படுகிறது. நம் கணக்கில் சதுர அடிக்கு 19 கிலோவுக்கும் குறைவு. 50 கிலோ மூட்டையைப் படுக்க வைத்தால் ஏறக்குறைய 5 சதுர அடி பிடிக்கும் என்று கொள்ளுங்கள். ஒரு மூட்டைக்குச் சதுர அடிக்கு 10 கிலோ வருகிறது. இரண்டு மூட்டை உயரம் வைத்தாலே வீட்டுத் தளத்தின் கணக்கு நிறைந்துவிட்டது. நாமோ எட்டு மூட்டை அடுக்குகிறோம். அது நான்கு மடங்கு. "இருபது வருடமாக அடுக்குகிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பது பதில் ஆகாது. அந்த இருபது வருடத்தில் கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்பதை யாரும் பார்க்கவில்லை. கீழ்ப்புறத்தில் பூச்சு பிளந்து, செம்பழுப்புக் கறை தெரிகிற இடத்தின் மேலே மூட்டை இருந்தால், இன்றைக்கே இறக்கிவிட வேண்டுகிறோம். கிடங்காகத்தான் பயன்படுத்துவது என்று முடிவானால், கட்டுவதற்கு முன்பே பொறியாளரிடம் அப்படிச் சொல்லித் தளம் போடச் செய்யவேண்டும். வீட்டுக்கென்று வரைபடம் வாங்கிவிட்டுக் கிடங்காக்குவது கூடாது.

சுவரில் ஓதம் ஏறுவதற்கு மளிகைக் கடையில் தனிக் காரணம் ஒன்று உண்டு. அது உப்பு மூட்டை. சுவரோடு சாய்த்து அடுக்கிய உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிந்துகொண்டே இருக்கும். அந்த உப்புநீர் பூச்சுக்குள் இறங்கி, காயும்போது மணியாகிப் பூச்சைப் பொரியவைத்துத் தள்ளுகிறது. தூணுக்கு அருகில் என்றால் உள்ளே இருக்கும் கம்பியையே தின்னத் தொடங்கும். நான்கு மரப்பலகை, சுவரிலிருந்து ஓர் அடி இடைவெளி, தரையில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு இவ்வளவும் செய்தால் போதும். வெல்லத்துக்கும் இதே இடைவெளி நல்லது. பொரிந்த சுவரின்மேல் தீபாவளிக்குப் பெயின்ட் அடிப்பது வீண் செலவு. தை பிறப்பதற்குள் உரிந்துவிடும். பொரிந்த பூச்சைச் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்து, ஈரத்தின் மூலத்தை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பூச்சும் பெயின்டும். பெயின்ட் கடை நடத்தும் நம் உறுப்பினர்கள் இதற்காக நம்மிடம் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம். உரிந்த பெயின்டுக்குத் திட்டு வாங்குவது அவர்கள்தானே.

இனி வாங்கும் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் நம் கடைத் தராசு கைகொடுக்கிறது.

சிமென்ட்டும் நாள்பட்டால் கெடும் சரக்கே. மூட்டையில் உற்பத்தியான வாரம் அல்லது மாதம், ஆண்டு அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் கடந்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழந்துவிடும் என்பது கட்டிடத் துறையினர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மழைக்காலத்தில் இன்னும் விரைவாகவே கெடும். பிஸ்கட் பாக்கெட்டில் தேதியைப் புரட்டிப் பார்க்கும் நாம், சிமென்ட் மூட்டையில் பார்ப்பதில்லை. கையை உள்ளே விட்டால் குளிர்ச்சியாக இருக்கவேண்டும், விரலால் தேய்த்தால் மாவுபோல் இருக்கவேண்டும். அமுக்கியும் உடையாத கட்டி இருந்தால் திருப்பி அனுப்பத் தயங்கவேண்டாம். வேலைக்கு முன்பே மொத்தமாக வாங்கிக் குவிப்பதும் தவறு. அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இறக்கி, பலகைமேல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசும் காண்ட்ராக்டரிடம் இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நம் உரிமை.

கம்பியைத் துண்டுக் கணக்கில் வாங்குவதைக் கைவிட வேண்டுகிறோம். 12 மில்லிமீட்டர் கம்பி, 12 மீட்டர் நீளம் இருந்தால் 10 கிலோ 660 கிராம் இருக்கவேண்டும். 8 மில்லிமீட்டர் என்றால் 4 கிலோ 740 கிராம். கணக்கும் எளிது: கம்பியின் கனத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். தயாரிப்பில் சிறிது கூடுதல் குறைவு இருக்கத் தர விதியே இடம் தருகிறது. ஆனால் 12 மில்லிமீட்டர் என்று சொல்லித் தந்த கம்பி 10 கிலோவுக்கும் கீழே இறங்கினால், கனம் குறைந்த கம்பியைத் துண்டு விலையில் தலையில் கட்டுகிறார்கள் என்றே பொருள். பணம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். பொறியாளர் கணக்கிட்ட இரும்பு கூரையில் இல்லாமல் போகிறதே, அதுவல்லவா கவலை!

செங்கல்லுக்கும் தராசு உண்டு. காய்ந்த கல் ஒன்றை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். சாதாரணக் கட்டுமானச் செங்கல் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது. 3 கிலோ கல் 3 கிலோ 600 கிராமைத் தாண்டினால் அது வேகாத கல். இரண்டு கல்லை மோதினால் கணீரென்று ஒலிக்கவேண்டும் என்ற பழைய சோதனையும் இன்றைக்குச் செல்லும்.

மணலில் நடப்பது நமக்குப் பழக்கமானதற்கு நேர் எதிர். மிளகாயில் ஈரம் எடையைக் கூட்டும். மணலில் ஈரம் அளவையே கூட்டிக் காட்டும். சற்று நனைந்த மணல் உப்பிக்கொண்டு, காய்ந்த மணலைவிட 20, 30 சதவீதம் கூடுதல் இடம் பிடிக்கும். 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில்தானே லாரி மணலும் எம்சாண்டும் வாங்குகிறோம்? லாரி நிறைந்திருக்கிறது என்று பணம் கொடுத்தால், அதில் ஒரு பகுதி காற்றுக்கும் சேர்த்தே. நேரான ஒரு கண்ணாடி டம்ளரில் அந்த மணலை நிரப்பி, இன்னொரு பாத்திரத்தில் தண்ணீரோடு கலக்கி, திரும்ப டம்ளரில் கொட்டிப் படியவிட்டுப் பாருங்கள். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு உப்பல். எடையில் விலை பேசினாலும் ஈரம் பார்க்க வேண்டும் என்பதை நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பூச்சு வேலைக்கு நல்ல சரக்கு வாங்கிவிட்டு, மூன்றாம் நாளே தண்ணீர் தெளிப்பதை நிறுத்திவிடுவது இன்னொரு கேடு. இன்று பரவலாகக் கிடைக்கும் பி.பி.சி. ரகச் சிமென்ட்டுக்குக் குறைந்தது பத்து நாளாவது தண்ணீர் காட்டவேண்டும். வெளியில் வெயில் கடுமையாக இருந்தால் இரண்டு வாரம். இதற்கு ஆகும் செலவு தண்ணீர் மட்டுமே.

பில் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். பில் இல்லாமல் வாங்கினால் வரி மிச்சம் என்று ஹார்டுவேர் கடையில் நாம் கேட்கிறோம். நம் கடைக்கு வரும் வாடிக்கையாளர் அப்படிக் கேட்டால் என்ன நினைப்போம்? பில் இல்லாத மோட்டாருக்கும் ஒயருக்கும் உத்தரவாதம் இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பவேண்டாம். அதோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள், உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பது தெரியும். எண்ணே இல்லாத முத்திரை போலி. பெரிய நிறுவனங்களும் ஆன்லைன் வியாபாரமும் நம்மை நசுக்குகின்றன என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசும் நாம், நம் வீதியிலுள்ள ஹார்டுவேர் கடைக்காரரிடமே வாங்குவோம். அவரும் நம் சங்கத்துச் சகோதரர்தான். பில்லோடு, தேதி பார்த்து, எடை போட்டு வாங்குவோம். அவர் வருந்தமாட்டார்.

கொத்தனார் கூலியிலும் ஒன்று சொல்லவேண்டும். நாலு பேரிடம் விலை கேட்டு, கடைசியில் மிகக் குறைத்துச் சொன்னவரிடம் பொருளோடு சேர்த்து மொத்தக் காண்ட்ராக்ட் கொடுத்துவிடுகிறோம். குறைத்த பணத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்? கலவையிலிருந்துதான். சிறிய பழுதுபார்ப்பு வேலைகளுக்குப் பொருளை நாமே வாங்கிக் கொடுத்து, கூலியை நாள் கணக்கில் கௌரவமாகக் கொடுப்பதே மேல் என்பது நமது கருத்து. வேலை முடிந்ததும் முழுப் பணத்தையும் எண்ணி வைத்துவிடாமல், ஒரு சிறு பகுதியை முதல் மழை வரை நிறுத்திக்கொள்வதாக முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளலாம். பேசாமல் பிறகு பிடித்து வைப்பது நியாயம் ஆகாது.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறோம், ஏனெனில் இது எலக்ட்ரீஷியன் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டியது. மளிகைக் கடையில் எலி உண்டு. எலி ஒயரைக் கடிக்கும். மூட்டைக்குப் பின்னால், பரணுக்கு மேல், திறந்தபடி ஓடும் ஒயர் இருந்தால் குழாய்க்குள் போட்டுவிடுங்கள். விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் வாட்டர் ஹீட்டருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் என்பது பொதுக் கணக்கு. விளக்குக்குப் போட்ட பழைய ஒயரிலிருந்தே பிரீசருக்கும் மாவு மில்லுக்கும் இழுப்பதால்தான் சூடேறிப் புகைகிறது. மனிதரைக் காப்பாற்றும் கருவி 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சாதாரண டிரிப்பர் ஒயரைத்தான் காக்கும், ஆளைக் காக்காது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்தி, மின்சாரம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் மாற்றவேண்டும். வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு எடுத்திருப்பவர்கள், அதற்குச் சட்டப்படி இரு மடங்கு கட்டணம் விதிக்க இடமுண்டு என்பதை நினைவில் வைக்கவும்.

சமையலறையில் பார்க்க வேண்டிய தேதிகள் இரண்டு. கேஸ் அடுப்பின் ஆரஞ்சு நிற டியூப்பில் அச்சிட்ட ஆண்டிலிருந்து ஐந்தாண்டு ஆகிவிட்டால், பார்வைக்குப் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடவேண்டும். சிலிண்டரின் கழுத்துப்பட்டையில் ஏ, பி, சி, டி என ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் அந்த ஆண்டின் ஜனவரி முதல் மார்ச் வரை, டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்தத் தேதி கடந்த சிலிண்டரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

இப்போது எழுதுவது சிலருக்குக் கசக்கலாம். கடை விடுமுறை நாளில், வீட்டு வேலைகளுக்குக் கடைப் பையன்களை ஏவுவது நம்மிடையே உள்ள பழக்கம். மாடியைப் பெருக்கச் சொல்வது வரை போகட்டும். சாரம் கட்டாத உயரச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏற்றுவது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவது இவற்றை உடனே நிறுத்தியாக வேண்டும். மூடிக் கிடந்த தொட்டிக்குள் இருக்கும் நச்சுவாயு, இறங்கியவர் கூப்பிடுவதற்குக்கூட நேரம் தராது. அவரைத் தூக்க இறங்குபவரையும் சேர்த்தே கொல்லும். நாள்பட மூடியிருந்த தண்ணீர்ச் சம்ப்பிலும் மூச்சுக்குக் காற்று இருக்கும் என்று நம்ப முடியாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய பாதுகாப்பின்றி ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டியில் இறக்குவது முதல் முறையே இரண்டாண்டுச் சிறை, அல்லது இரண்டு லட்ச ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கத்தக்க குற்றம். இயந்திரம் பொருத்திய லாரியை அழைத்தால் ஒரு நாள் கல்லாவில் சிறு பகுதிதான் செலவாகும். நம்மை நம்பி ஊர்விட்டு வந்து, நம் வீட்டில் சாப்பிட்டு, நம் கடையில் படுத்துறங்கும் பிள்ளைகள் அவர்கள். அவர்கள் பெற்றோருக்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் வெள்ளமோ தீயோ வரலாம். அதற்குத்தான் இன்சூரன்ஸ். 2021 ஏப்ரல் 1 முதல், ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள கட்டிடம், சரக்கு உள்ளிட்டவற்றுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற ஒரே மாதிரியான பாலிசியும், வீடுகளுக்கு பாரத் கிருஹ ரக்ஷா என்ற பாலிசியும் நடைமுறைக்கு வந்தன. தீ, புயல், வெள்ளம் இவற்றில் அடங்கும். ஆனால் பராமரிக்காத மாடி நாளாக நாளாக ஒழுகியதால் வந்த சேதம் பொதுவாக அடங்காது. பிரீமியத்தைக் குறைக்கச் சரக்கு மதிப்பைக் குறைத்துக் காட்டுவதும் நம்மையே கடிக்கும். 20 லட்சம் சரக்கை 10 லட்சம் என்று காட்டியிருந்தால், 4 லட்சம் நட்டத்துக்கு 2 லட்சம்தான் வரும். மதிப்பில் 15 சதவீதம் வரை குறைவு இருந்தால் மேற்படி சூக்ஷ்ம பாலிசியில் அதைப் பொருட்படுத்தமாட்டார்கள். அதற்கு மேல் போனால் விகிதப்படி வெட்டுதான். தீபாவளிக்கு முன் கிடங்கில் எவ்வளவு இருக்கும் என்பதை வைத்தே தொகையைப் போடவேண்டும். ஆடி மாதத்துச் சரக்கை வைத்துப் போடக் கூடாது. வாடகைக் கட்டிடத்தில் இருப்பவர்கள், கட்டிடம் உரிமையாளர் பொறுப்பு, சரக்கு தம் பொறுப்பு என்பதைப் பிரித்துத் தெரிந்துகொள்ளவேண்டும்.

கிளைச் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் ஆவணி மாதக் கூட்டத்துக்கு ஒரு கட்டிடப் பொறியாளரையும், உரிமம் பெற்ற ஓர் எலக்ட்ரீஷியனையும் அழைத்து, உறுப்பினர் கடைகளை வீதிவாரியாகச் சுற்றிப் பார்க்க ஏற்பாடு செய்யலாம். தனித்தனியாக அழைத்தால் ஆகும் செலவைப் பத்துக் கடைகள் பங்கிட்டுக்கொள்ளலாம். அடுத்தடுத்துச் சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்கும் கடைவீதியில், ஒருவர் மாடித் தண்ணீர் அடுத்தவர் சுவரில் இறங்குவது குறித்த பல பழைய மனத்தாங்கல்களும் அந்தச் சுற்றிலேயே பேசி முடிக்கப்படக்கூடும். மாடியில் மூட்டை அடுக்கியிருக்கும் கடைகளை அந்தப் பொறியாளர் முதலில் பார்ப்பது நல்லது.